ஆமணக்குச் செடிக்காக அழுத மனிதர்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து உலை வைத்திருந்தேன். வாசலில் அத்தை வந்து நின்றார். சொந்த அத்தை இல்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். எங்கள் தெருவில் எல்லோருக்குமே அவர் அத்தைதான். எழுபது வயதைத் தாண்டியும் தையல் மிஷினை விடாதவர்.

"உள்ளே வாங்க அத்தை" என்றேன். வரவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னைக்குக் கோயில்ல பாத்தியா?"

பார்த்தேன். அவருடைய கொழுந்தனார் எழுந்து நின்று சாட்சி சொன்னார். குடித்ததும், ஊரை ஏமாற்றியதும், நோயில் விழுந்ததும், கடைசியில் ஆண்டவர் தன்னைத் தேடி வந்ததும் என்று சொல்லிச் சொல்லி அழுதார். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நானும்தான். அத்தை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் அழாததற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். மாமா இறந்த நாற்பதாம் நாள், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் கடையை எழுதிக்கொண்டவர் அந்தக் கொழுந்தனார். அத்தையின் நகையும் அவரோடு போனது. இரண்டு பிள்ளைகளையும் அத்தை பிளவுஸ் தைத்தே ஆளாக்கினார்.

"அழுதது ஆண்டவர்கிட்ட. மன்னிச்சதும் ஆண்டவர். எல்லாம் சரிதான்" என்றார் அத்தை. "பட்டது நான்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. அதுக்குள்ள எப்படிம்மா கடவுள் மன்னிக்கலாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு தூக்கம் வராமல் வேதாகமத்தை எடுத்தபோது, அத்தையைப் போலவே கடவுளிடம் கோபித்துக்கொண்ட ஒருவரின் ஞாபகம் வந்தது. யோனா.

மீனோடு நின்றுபோன கதை

யோனாவை எல்லோருக்கும் தெரியும். எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், பெரிய மீன் ஒருவரை விழுங்கிய கதையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இஸ்லாமியர்களுக்கு அவர் யூனுஸ் நபி. திருக்குர்ஆனின் 10-வது அத்தியாயத்துக்கு அவர் பெயர்தான். சின்ன வயதில் எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொன்ன அக்கா, மீன் யோனாவைக் கரையில் கக்கியதோடு முடித்துவிட்டு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

யோனாவின் புத்தகம் மிகச் சிறியது. நாலே அதிகாரம், 48 வசனம். ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். முதல் வரியிலேயே விஷயம் தொடங்கிவிடுகிறது. நினிவே நகரத்தின் அக்கிரமம் அளவு மீறிவிட்டது, போய் எச்சரித்துவிட்டு வா என்று கடவுள் யோனாவை அனுப்புகிறார். யோனா எழுந்தார், கிளம்பினார். ஆனால் எதிர்த்திசையில்!

நினிவே இருந்தது கிழக்கே, இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் நதிக்கரையில். யோனா போனது மேற்கே, யோப்பா துறைமுகத்துக்கு. இன்றைய டெல் அவிவ் நகரை ஒட்டி இருக்கும் யாஃபாதான் அது. அங்கே தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் கூலி கொடுத்து ஏறிக்கொண்டார். தர்ஷீஷ் என்பது ஸ்பெயின் நாட்டின் தென்கரை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அன்றைய மனிதருக்கு உலகத்தின் மறுகோடி.

நடுக்கடலில் புயல். கப்பலில் இருந்தவர்கள் அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டு அழுகிறார்கள். ஓடிவந்த தீர்க்கதரிசியோ கீழ்த்தட்டில் தூங்குகிறார். சீட்டுப் போட்டுப் பார்த்ததில் யோனாவின் பெயர் விழுகிறது. தன்னால்தான் இந்தப் புயல், தன்னைத் தூக்கிக் கடலில் போட்டால் அடங்கும் என்கிறார் அவர்.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனியுங்கள். கப்பல்காரர்கள் உடனே தூக்கிப் போடவில்லை. முன்பின் தெரியாத ஒருவனைக் காப்பாற்றக் கரையை நோக்கித் துடுப்பு வலித்துப் பார்க்கிறார்கள். முடியாமல் போன பிறகுதான், இந்த உயிருக்காக எங்கள் மேல் பழி வைக்காதே என்று யோனாவின் கடவுளிடமே வேண்டிக்கொண்டு அவரைக் கடலில் விடுகிறார்கள். ஒரு பெரிய நகரமே அழியட்டும் என்று ஓடிவந்த யோனாவுக்கு, ஒற்றை ஆளுக்காகப் பாடுபட்ட வேற்று மதத்துக் கப்பலோட்டிகள் எவ்வளவு உயர்ந்தவர்கள்!

பிறகு அந்த மீன். மூன்று நாள் இருட்டு. உள்ளே இருந்து யோனா பிரார்த்தனை செய்கிறார், கடவுள் கேட்கிறார், கரையில் விடப்படுகிறார். கட்டளையை மீறி ஓடியவருக்குக் கிடைத்தது தண்டனை இல்லை, இரண்டாவது வாய்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யோனா மறந்துவிடப்போகிறார்.

நினிவே என்றால் என்ன?

யோனாவைக் கோழை என்றோ கல்நெஞ்சர் என்றோ சொல்லிவிடுவது எளிது. நினிவே எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அது அசீரியப் பேரரசின் பெருநகரம், பின்னாளில் அதன் தலைநகரம். தங்கள் கொடுமையை ஒளித்து வைக்காமல் கல்லில் செதுக்கிப் பெருமைப்பட்ட அரசு அது. எதிர்த்தவர்களின் தோலை உரித்துச் சுவரில் போர்த்தியதாகக் கல்வெட்டு வைத்த அரசர்கள் அங்கே இருந்தார்கள். கி.மு. 701-ல் யூதா நாட்டின் லாகீஸ் நகரத்தை அசீரிய மன்னர் சனகெரிப் பிடித்தார். அந்த வெற்றியை நினிவேயில் இருந்த தன் அரண்மனைச் சுவரில் சிற்பமாக வரைந்து வைத்தார். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டி எடுத்தார். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கழுவில் ஏற்றப்பட்டவர்கள், தோல் உரிக்கப்படுகிறவர்கள், மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போகும் தாய்மார்கள், பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கிறார்கள்.

யோனா கலிலேயாப் பகுதிக்காரர், கி.மு. 8-ம் நூற்றாண்டில் இஸ்ரவேலை ஆண்ட இரண்டாம் யெரொபெயாம் காலத்தவர் என்று இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. அவருக்குப் பிறகு சில பத்தாண்டுகளில், கி.மு. 722 வாக்கில், அவருடைய நாட்டையே அசீரியர்கள் அழித்து மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். யோனாவின் கதை அந்த அழிவுக்கெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்றே இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படியென்றால் முதன்முதலில் இதைக் கேட்டவர்கள், நினிவேயின் கையால் தாத்தாவின் வீட்டையும் பாட்டனின் ஊரையும் இழந்தவர்கள். "நினிவேக்கு இரக்கமா?" என்று அவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

அத்தைக்கு எரிந்த மாதிரி.

ஐந்தே வார்த்தைப் பிரசங்கம்

இரண்டாவது முறை யோனா நினிவேக்குப் போகிறார். வேண்டாவெறுப்பாக. அவர் செய்த பிரசங்கம் எபிரெய மொழியில் ஐந்தே வார்த்தை. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்பதுதான் அதன் பொருள். ஏன் என்று சொல்லவில்லை. மனம் திரும்பினால் தப்பலாம் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்துச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ஆனால் ஊரே கேட்டது. பெரியவர் முதல் சிறியவர் வரை சாக்குத்துணி உடுத்தினார்கள். அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடு மாடுகளுக்கும் அன்று உபவாசம், அவற்றுக்கும் சாக்குத்துணி! அரசன் போட்ட ஆணையில் அழுகையும் நோன்பும் மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் கைகளில் இருக்கும் கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்பதும் இருந்தது. கடவுள் பார்த்ததும் அதைத்தான். சாக்குத்துணியைப் பார்த்து மனம் இளகினார் என்று கதை சொல்லவில்லை. தீய வழியை விட்டுத் திரும்பிய அவர்களுடைய செய்கைகளைப் பார்த்தார் என்றே சொல்கிறது.

இந்த ஒரு வரியை யூத ரபிகள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நினிவேக்காரர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று தல்மூதில் ஒரு விளக்கம் வருகிறது. ஒருவன் திருடிய உத்தரத்தை வைத்து மாளிகை கட்டியிருந்தானாம். மாளிகை முழுவதையும் இடித்து, அந்த உத்தரத்தை உருவி, உரியவனிடம் திருப்பிக் கொடுத்தானாம்.

நகரம் பிழைத்தது. நாற்பது நாள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. யோனா சொன்ன "கவிழும்" என்ற எபிரெயச் சொல்லுக்கு "தலைகீழாக மாறும்" என்றும் பொருள் கொள்ளலாம். அந்த வகையில் பார்த்தால் அவர் வாக்குப் பலித்தே விட்டது.

கோபத்தின் காரணம்

வேறு எந்தப் பிரசங்கியாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார். யோனாவுக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் உண்மையைக் கொட்டுகிறார். நான் ஊரில் இருந்தபோதே இதைத்தானே நினைத்தேன், அதனால்தானே ஓடினேன், நீர் இரக்கமும் நீடிய பொறுமையும் உள்ளவர், தீங்கு செய்ய மனம் வராதவர் என்று எனக்குத் தெரியும் என்கிறார். என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்கிறார்.

அவர் ஓடியது பயந்து இல்லை. நினிவேக்காரர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்றும் இல்லை. கடவுள் அவர்களை மன்னித்துவிடுவார் என்றுதான்!

ஒருவரை "நீ நல்லவன், நீ நல்லவன்" என்று திட்ட முடியுமா? யோனா கடவுளை அப்படித்தான் திட்டுகிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. குற்றச்சாட்டாக அவர் அடுக்கும் அந்தக் குணங்கள் அவருடைய சொந்தச் சொற்கள் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன், எகிப்திலிருந்து விடுதலையாகி வந்த இஸ்ரவேலர் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டுப் பெரும் துரோகம் செய்தார்கள். அவர்களை அழிக்காமல் விட்ட கடவுள், தான் இப்படிப்பட்டவர் என்று மோசேயிடம் தன்னைப் பற்றிச் சொன்ன குணங்கள் அவை. அந்த இரக்கம் இல்லாவிட்டால் யோனாவின் ஜனமே இருந்திருக்காது. யோனாவும் பிறந்திருக்க மாட்டார். மீனின் வயிற்றிலிருந்து வெளியே வந்திருக்கவும் மாட்டார்.

எபிரெயத்தில் இரக்கத்துக்கான சொல் "ரகமீம்". கருப்பை என்று பொருள்படும் "ரெகெம்" என்ற சொல்லோடு பிறந்தது. பெற்ற வயிறு துடிப்பதுதான் இரக்கம் என்று சொன்னால் நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால் அவள் என்ன செய்வாள்? அடிபட்டவனுக்காகவும் வயிறு துடிக்கும், அடித்தவனுக்காகவும் துடிக்கும். அடிபட்ட பிள்ளைக்குத்தான் அது புரியாது. புரியாதது அவன் குற்றமும் இல்லை.

ஒரு ராத்திரி நிழல்

கோபப்பட்ட யோனாவைக் கடவுள் என்ன செய்தார்? மின்னலை அனுப்பவில்லை. நீ கோபப்படுவது சரிதானா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். யோனா பதில் சொல்லாமல் ஊருக்குக் கிழக்கே போய், ஒரு குடிசை போட்டு, நகரத்துக்கு என்ன ஆகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்துகொண்டார். இன்னமும் அது அழியும் என்ற நப்பாசை.

வெயில் கொளுத்துகிறது. அவர் தலைக்கு நிழலாக ஒரு செடியைக் கடவுள் முளைக்க வைக்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடி. ஊருக்கு வெளியே குப்பைமேட்டில், ரோட்டோரத்தில், யாரும் விதைக்காமல் மளமளவென்று வளர்ந்து, விரித்த கை மாதிரி பெரிய இலைகளோடு நிற்குமே, அதே விளக்கெண்ணெய்ச் செடிதான். பழைய ஆங்கில வேதாகமம் இதைச் சுரை வகைக் கொடி என்கிறது. 1,600 வருடங்களுக்கு முன் ஜெரோம் என்ற பெரியவர் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, வழக்கமாகச் சொல்லிவந்த செடியின் பெயரை மாற்றிவிட்டார். வட ஆப்பிரிக்காவில் ஒரு ஊர்க் கோயிலில் அதை வாசித்தபோது சபை கொந்தளித்ததாகப் புனித அகஸ்டின் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கதையின் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுச் செடிக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். யோனாவும் அதைத்தான் செய்தார்!

நிழல் வந்ததும் யோனாவுக்கு ஒரே சந்தோஷம். புத்தகம் முழுவதும் தேடினாலும் அவர் சந்தோஷப்பட்ட இடம் இது ஒன்றுதான். மறுநாள் விடியும்போது ஒரு பூச்சி வந்து செடியை அரித்தது, செடி காய்ந்துபோனது. அனல்காற்று வீசியது. தலையில் வெயில் சுட்டது. திரும்பவும் சாக வேண்டும் என்கிறார். செடிக்காகக் கோபப்படுவது சரிதானா என்று கடவுள் கேட்டதற்கு, ஆமாம், சாகும் அளவுக்குக் கோபப்படுவேன் என்கிறார்.

அப்போது கடவுள் சொல்வதுதான் கதையின் உயிர். நீ நடவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஒரு ராத்திரியில் வந்து ஒரு ராத்திரியில் போன செடிக்காக உன் மனசு இவ்வளவு துடிக்கிறதே. வலது கை எது, இடது கை எது என்றுகூடத் தெரியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதர்கள் இருக்கும் ஊர் அது. எத்தனையோ ஆடு மாடுகளும் இருக்கின்றன. அதற்காக என் மனசு துடிக்கக் கூடாதா என்று கேட்கிறார்.

அவ்வளவுதான். புத்தகம் முடிந்துவிட்டது. யோனா பதில் சொன்னாரா, எழுந்து ஊருக்குள் போனாரா, அங்கேயே வெயிலில் உட்கார்ந்திருந்தாரா, எதுவும் எழுதப்படவில்லை.

இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையும் இப்படித்தான் நிற்கிறது. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு விருந்து. வயலில் வேலை செய்துவிட்டு வந்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா? கதை சொல்லவில்லை. இளையவனைக் கண்டு ஓடிப்போன தகப்பனை எல்லா ஓவியர்களும் வரைகிறார்கள். மூத்தவனுக்காக வாசற்படி இறங்கி வந்த தகப்பனும் அவரேதான்.

அப்படியென்றால் பட்டவர்களுக்கு?

இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. கடவுளின் இரக்கத்தைப் பேசும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். காயப்பட்டவரைப் பார்த்து, "கடவுளே மன்னித்துவிட்டார், உனக்கென்ன?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். யோனாவின் கடவுள் அப்படிச் செய்யவில்லை. நினிவேக்கு இரங்கியவர், கோபித்த யோனாவுக்குப் பக்கத்திலும் இருந்தார். அதட்டவில்லை. நிழல் கொடுத்தார், கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். அவருடைய இரக்கத்தில் அந்தக் கோபக்காரருக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. கடவுள் மன்னித்தார் என்பதால், மனிதருக்குக் கொடுக்க வேண்டிய கடன் தள்ளுபடி ஆவதில்லை. இயேசு எரிகோவில் சகேயு என்ற வரி வசூலிப்பவரின் வீட்டுக்குப் போனார். ஊர் முணுமுணுத்தது. சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்றார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன் மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று சொன்னவரும் அவர்தான்.

யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளை நாள் முழுவதும் பட்டினி இருந்து அனுசரிக்கிறார்கள். அன்று பிற்பகல் ஜெப ஆலயத்தில் யோனாவின் புத்தகம் முழுவதையும் வாசிப்பது வழக்கம். அந்த நாளைப் பற்றி மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்ட நூல் ஒரு கண்டிப்பான விதியைச் சொல்கிறது. மனிதன் கடவுளுக்குச் செய்த பாவத்தை அந்த நாள் தீர்க்கும். மனிதன் மனிதனுக்குச் செய்ததை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை தீர்க்காது. நினிவேக்குக் கிடைத்த இரக்கத்தைக் கொண்டாடும் அதே நாளில்தான் இந்தக் கண்டிப்பும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகிறது.

எதிரியின் பெயரில் ஒரு நோன்பு

நினிவே கி.மு. 612-ல் பாபிலோனியர், மேதியர் கையில் வீழ்ந்தது. திரும்பவும் கொடுமைக்குப் போன அந்த நகரத்தின் அழிவைப் பாட, நாகூம் என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் புத்தகமும் வேதாகமத்தில் இருக்கிறது. இரக்கம் ஒரு கதவு. திறந்துவைத்ததால் அந்தப் பக்கம் போனவர்கள் எப்போதும் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்று உத்தரவாதம் இல்லை.

இன்று அந்த இடத்தில் மோசூல் நகரம் இருக்கிறது. அந்த மாகாணத்தின் பெயர் இப்போதும் நினிவேதான். அங்கே யோனாவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடத்தில் நபி யூனுஸ் மசூதி இருந்தது. 2014 ஜூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே மாதத்தில் மோசூலில் இருந்த கிறிஸ்தவர்களும் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள்.

அந்தச் சுரியானித் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோன்பு உண்டு. தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்பு மூன்று நாள். பெயர், நினிவே நோன்பு! கேரளத்தில் அதை மூன்று நோன்பு என்கிறார்கள். கோட்டயம் மாவட்டம் குறவிலங்காடு மாதா கோயிலில் அந்த நாட்களில் ஒரு கப்பலைத் தூக்கிக்கொண்டு, புயலில் தத்தளிப்பதுபோல் ஆட்டி ஆட்டிப் பவனி வருவார்கள். கூட்டம் அலைமோதும். கடவுளின் இரக்கத்தை நினைத்துக்கொள்ள அவர்கள் எடுத்துக்கொண்டது நல்லவர்களின் ஊரை இல்லை. உலகமே பயந்து நடுங்கிய ஊரை.

தையல் மிஷின் நின்றபோது

போன வாரம் அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். யோனாவின் கதையை முழுசாகச் சொன்னேன். ஆமணக்கு வந்த இடத்தில் சிரித்தார். "நம்ம கொட்டைமுத்துச் செடியா? அதுல என்ன பெரிய நிழல் இருந்திரப் போவுது!" என்றார். மாளிகையை இடித்து உத்தரத்தைத் திருப்பிக் கொடுத்தவன் கதையைச் சொன்னபோது நாடா கோத்த கை நின்றது.

"அப்ப அவன் எங்கிட்ட வரணும்ல?"

"வரணும் அத்தை. ஆண்டவர் மன்னிச்சிருந்தா, வர்றதுக்கான தைரியத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பாரு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அந்த யோனா கடைசியில எந்திரிச்சுப் போனாரா?"

"எழுதலை அத்தை."

"எழுதாததும் நல்லதுதான். எழுதியிருந்தா என்னையும் அதே மாதிரி செய்யச் சொல்வீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வரட்டும். வந்தா உக்காரச் சொல்லுவேன். காப்பி போட்டுக் குடுப்பேன். அதுக்கு மேல இப்ப எங்கிட்ட எதுவும் கேக்காத" என்றார்.

நான் கேட்கவில்லை. கடவுளே பதிலுக்குக் காத்திருக்கும்போது நான் யார் அவசரப்படுத்த?

அந்தக் கொழுந்தனார் இன்னும் வரவில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாருக்காவது, போய்ப் பார்க்க வேண்டிய ஒரு வீடு இருக்கலாம். சாட்சி சொல்லியாகிவிட்டது, நேர்த்திக்கடன் செலுத்தியாகிவிட்டது, மனசு லேசாகிவிட்டது என்று அந்தத் தெரு வழியாகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த வீட்டுத் திண்ணையில் ஒருவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை போதும், அவருக்கு அது பெரிய நிழல்.